அப்பாவின் பக்கத்தையும் எழுதுங்கள்

அன்புள்ள சித்தாண்டித் தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், போடவில்லை. பதிலைத் தபாலில் அனுப்பாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. உங்கள் கேள்வி உங்கள் வளவுக்குள் மட்டும் இருக்கும் கேள்வி அல்ல. செங்கலடியிலும் கிரானிலும் ஏறாவூரிலும் அதே கேள்வியை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வாய்திறக்காமல் இருக்கும் பெண்கள் இருப்பார்கள்.

உங்கள் அப்பாவின் தங்கைக்கு, அதாவது மாமிக்கு, 41 வயதில் மார்புப் புற்றுநோய் வந்தது. பத்து வருடமாகிறது. ஒரு மார்பை எடுத்தாயிற்று. இன்றும் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளினிக் போய்வருகிறார். அப்பம்மா, உங்கள் அப்பா சிறுபிள்ளையாக இருக்கும்போதே, "வயிறு ஊதித் தண்ணி கோத்து" இறந்தவர். உங்களுக்கு இப்போது 27. பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறீர்கள்: "அது அவங்கட குடியில உள்ள வருத்தம். நீ என்ட குடி. உனக்கு வராது."

மகளைத் தேற்றுவதற்காக அம்மா சொன்ன வார்த்தை அது. ஆனால் பிழையான வார்த்தை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு விளக்கம். மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருகிறது. பிள்ளை தகப்பனின் குடியில் சேராது, தாயின் குடியில்தான் சேரும். ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. வீடும் வளவும் மகளுக்குச் சீதனமாகப் போகும், மருமகன் அந்த வீட்டுக்கு வந்து இருப்பார். தமிழர் மட்டுமல்ல, கிழக்குக் கரையோர முஸ்லிம்களும் குடி பார்ப்பவர்கள். டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் பல ஆண்டுகள் இந்தக் கரையில் ஆய்வு செய்து 2008இல் ஒரு தடித்த புத்தகமே எழுதியிருக்கிறார். கோயில் திருவிழா முதல் கலியாணம் வரை குடி பார்த்து நடக்கும் ஊரில், வருத்தமும் குடி பார்த்துத்தான் வரும் என்று ஒரு தாய் நினைப்பதில் வியப்பில்லை.

குடியைப்போலத் தாய்வழியாக மட்டும் இறங்கிவரும் ஒன்று நம் உடலில் உண்மையிலேயே உண்டு. கலத்துக்குள் இருக்கும் இழைமணியின் மரபணு அது. ஆனால் மார்புப் புற்றுநோய்க்குக் காரணமாகும் பரம்பரை மாற்றங்கள் அங்கே இல்லை. அவற்றுள் பெயர்போன இரண்டை டொக்டர்மார் பிராக்கா-1, பிராக்கா-2 என்று சுருக்கிச் சொல்வார்கள். முதலாவது 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, இரண்டாவது 13ஆம் நிறமூர்த்தத்தில். இந்த இரண்டு நிறமூர்த்தங்களையும் ஆண் பெண் என்ற வேறுபாடில்லாமல் எல்லோரும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று சோடியாகப் பெறுகிறோம். தகப்பனிடம் பழுதுபட்ட பிரதி ஒன்று இருந்தால் அது மகளுக்கு வரும் வாய்ப்பு சரிபாதி. மகனுக்கும் சரிபாதி. குடி எது என்று அது பார்ப்பதில்லை.

உங்கள் ஊரின் கஷ்டமும் இங்கேதான் இருக்கிறது. தாய் பக்கத்துப் பெரியம்மா, சின்னம்மாமார் அடுத்தடுத்த வளவில் இருக்கிறார்கள். யாருக்கு எந்த வயதில் என்ன வந்தது, எந்த டொக்டர் பார்த்தார், எந்த வைரவருக்கு நேர்த்தி வைத்தார்கள் என்பது வரை உங்களுக்குத் தெரியும். அப்பாவின் சகோதரிகள் வேறு வளவில், பல நேரம் வேறு ஊரில். அப்பம்மாவின் சகோதரிகளைக் கேட்டால் பெயரே தெரியாது. மரபணு ஆலோசகர் ஒருவர் முன்னால் நீங்கள் உட்கார்ந்தால் அவர் முதலில் தேடப்போவது அந்தத் தெரியாத பக்கத்தைத்தான்.

மரபணு ஆலோசனை என்றதும் இரத்தம் எடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தம் கடைசியில் வருவது, சிலருக்கு வராமலே போவது. முதலில் நடப்பது பேச்சு. ஒரு தாள், ஒரு பேனை. பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். புற்றுநோய் வந்தவரின் உருவைக் கறுப்பாக நிரப்புவார்கள். இறந்தவர்மேல் சரிவாக ஒரு கோடு. ஆலோசனைக்கு வந்தவரைக் காட்ட ஒரு அம்புக்குறி. ஆகக் குறைந்தது மூன்று தலைமுறை. ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வருத்தம் வந்த வயது, எந்த உறுப்பில் தொடங்கியது, ஒரு மார்பா இரண்டுமா என்று குறிப்பார்கள். 1866இல் போல் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் தன் மனைவியின் குடும்பத்துக்கு இப்படி ஒரு கணக்கு எழுதி வெளியிட்டார். நான்கு தலைமுறையில் 10 பெண்கள் மார்புப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். மரபணு என்ற ஒன்றை யாரும் அறியாத காலம் அது. மேரி-கிளேர் கிங் என்ற அமெரிக்க ஆய்வாளர் 17ஆம் நிறமூர்த்தத்தைச் சுட்டிக்காட்டியது 1990இல். பிராக்கா-1 கையில் கிடைத்தது 1994இல், பிராக்கா-2 அதற்கு அடுத்த ஆண்டு. குடும்பக் கதை சொல்லிவிட்ட விஷயத்தை ஆய்வுகூடம் பிடித்துக்கொள்ள நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆகவே இன்றைக்கே நீங்கள் செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உயிரோடிருக்கும் மூத்த மனுசி ஒருவரிடம் போங்கள். ஆண்டு கேட்காதீர்கள், சொல்லத் தெரியாது. "சூறாவளிக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள். 1978 நவம்பர் 23ஆந்தேதி இரவை மட்டக்களப்பில் மறந்த கிழவி கிடையாது. "சூறாவளி அடிச்சு அடுத்த வருசம் புள்ள, வெள்ளாமை வெட்டுற நேரம்" என்று பதில் வந்தால் 1979 என்று எழுதுங்கள். பிறகு, அப்போது உங்கள் மூத்த பெரியப்பாவுக்கு எத்தனை வயது, அவரைப் பெறும்போது அப்பம்மாவுக்கு எத்தனை வயதிருக்கும் என்று கூட்டிக்கொள்ளுங்கள். அப்பம்மா எந்த வயதளவில் இறந்தார் என்று அந்த வழியில் தெரிந்துவிடும். ஆலோசகருக்கு அந்த அளவு போதும்.

"வயிறு ஊதித் தண்ணி கோத்து" என்ற வார்த்தையையும் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஈரல் கெட்டாலும் அப்படி வரும், வேறு பல வருத்தத்திலும் வரும். ஆனால் சூலகப் புற்றுநோயிலும் அப்படித்தான் வரும். அந்தக் காலத்தில் ஊரில் ஸ்கானும் இல்லை, பயொப்சியும் இல்லை. செய்வினை என்றுகூடச் சொல்லியிருப்பார்கள். ஒரே பக்கத்தில் ஒருத்திக்கு இளவயது மார்புப் புற்றுநோய், இன்னொருத்திக்குச் சூலகமாக இருக்கக்கூடிய ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்தால் ஆலோசகர் நிமிர்ந்து உட்காருவார்.

அப்பாவின் பக்கத்து ஆண்களையும் விடாதீர்கள். ஆணுக்கும் மார்புப் புற்றுநோய் வரும். அரிதுதான், ஆனால் ஒரு குடும்பத்தில் ஒரு ஆணுக்கு வந்திருந்தால் அந்த ஒன்றே பெரிய அடையாளம். புரொஸ்டேட், கணையம் என்று யாரும் சொன்னால் அதையும் குறியுங்கள். கிழவர்மார் இந்தக் கதையைப் பெண்பிள்ளையிடம் சொல்ல வெட்கப்படுவார்கள். தம்பியை அனுப்புங்கள்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்கமுடியாது. உங்கள் பகுதியில் குடும்ப மரம் வரைந்தால் வெறுமையான கிளைகள் நிறைய இருக்கும். 1990 செப்டம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரை ஒரே நாளில் கொண்டுபோனார்கள், திரும்பவில்லை. அதற்கு முன்னும் பின்னும் போனவர்கள் எத்தனையோ. இருபதில் காணாமற்போன ஒருவருக்கு நாற்பதில் என்ன வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவரை மரத்திலிருந்து விட்டுவிடக் கூடாது. வட்டமோ சதுரமோ போட்டு, வயதை எழுதி, எப்படிப் போனார் என்பதையும் எழுதவேண்டும். "அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் வரவில்லை" என்பதும், "அந்தப் பக்கத்தில் வேறு யாரும் நாற்பதைக் காணவில்லை" என்பதும் ஒன்றல்ல. விவரம் தெரிந்த ஆலோசகர் இந்த இரண்டையும் பிரித்துத்தான் கணக்குப் போடுவார். போர் நடந்த மண்ணில் குறைவான கதையையும் அவர் குறைவாக எடைபோட மாட்டார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. "நான் கொழும்புக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளட்டா?"

நீங்கள் முதல் ஆள் அல்ல. முதலில் சோதிக்கவேண்டியவர் மாமி. வருத்தம் வந்தவரிடம் தேடினால்தான் குடும்பத்தில் என்ன மாற்றம் ஓடுகிறது என்று தெரியும். அதை அறியாமல் நீங்கள் சோதித்து ஒன்றுமில்லை என்று வந்தால், உங்களுக்கு அது இறங்கவில்லையா, அல்லது இன்றைய சோதனையால் பிடிக்கமுடியாத ஏதோ ஒன்று குடும்பத்தில் இருக்கிறதா என்று யாராலும் சொல்லமுடியாது. காசும் போய்ப் பயமும் போகாத நிலை அது. மாமியிடம் மாற்றம் தெரிந்துவிட்டாலோ, மற்றவர்களுக்கு அந்த ஒரே இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அப்போது வரும் "இல்லை" உறுதியான இல்லை.

மாமியிடம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்கள் அப்பாவிடம் இருக்கும் வாய்ப்பு பாதி, உங்களிடம் கால். அப்பா சோதித்து இல்லை என்று வந்தால், அவர் வழியாக இறங்குவதற்கு ஒன்றுமில்லை. உங்களுக்கும் உங்கள் தம்பி தங்கைகளுக்கும் ஒரே நாளில் விடுதலை. "ஆம்பிளைக்கு எதுக்கு மார்புப் புற்றுநோய்ச் சோதனை?" என்று அவர் கேட்பார். இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். மகளுக்காக என்று சொன்னால் மறுக்கிற தகப்பன் குறைவு.

மாமி, "எனக்கு வந்து முடிஞ்சுது, இனி என்னத்துக்கு?" என்று சொல்லக்கூடும். அவருக்கும் தேவை இருக்கிறது. மிஞ்சியிருக்கும் மார்பையும் சூலகங்களையும் என்ன செய்வது என்பது சோதனை முடிவைப் பொறுத்தது. வருத்தம் திரும்பினால் எந்த மருந்து என்பதிலும் அது பேசும். பிராக்கா மாற்றம் உள்ளவர்களுக்கென்றே ஒலாபரிப் போன்ற மருந்துகள் இன்று இருக்கின்றன.

எண்களைக் கேட்டிருந்தீர்கள். மார்புப் புற்றுநோய் வந்த 100 பெண்களை எடுத்தால், பரம்பரை மாற்றம் காரணமாக வந்தது 5 முதல் 10 பேருக்குத்தான். மற்றவர்களுக்கு அப்படி ஒரு தனி மாற்றம் காரணமல்ல. பக்கத்து வீட்டில் எழுபது வயதில் ஒரு ஆச்சிக்கு வந்ததற்காக அவருடைய பேத்திமார் எல்லோரும் இரத்தம் கொடுக்க ஓடவேண்டியதில்லை. ஆனால் மாற்றம் இருந்தால் கதை வேறு. 2017இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, கிட்டத்தட்ட 10,000 பெண்களைத் தொடர்ந்து கவனித்தது. 80 வயதுக்குள் மார்புப் புற்றுநோய் வரும் வாய்ப்பு பிராக்கா-1 உள்ளவர்களுக்கு நூற்றுக்கு 72, பிராக்கா-2 உள்ளவர்களுக்கு 69. சூலகத்தில் 44, 17. அந்தப் பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்த எண்களை அப்படியே சித்தாண்டிக்குக் கொண்டுவந்து வைக்கமுடியாது. ஆபத்து பெரியது என்ற செய்தி மாறப்போவதில்லை.

ஆஞ்சலினா ஜோலியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். தாயை 56 வயதில் பறிகொடுத்தவர், பிராக்கா-1 மாற்றம் உள்ளவர். 2013 மே மாதம் தன் இரு மார்புகளையும் எடுத்துவிட்டதை நியூயோர்க் ரைம்ஸில் எழுதினார். அந்தக் கட்டுரையால் உலகம் முழுக்கப் பெண்கள் விழித்தார்கள், உண்மை. அதோடு, சோதனை என்றால் அடுத்தது கத்தி என்ற எண்ணமும் பரவிவிட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை. மாற்றம் இருப்பவருக்கு ஆண்டுதோறும் எம்.ஆர்.ஐ., மமோகிராம் எடுத்துக் கவனமாக இருப்பது ஒரு வழி. மருந்து ஒரு வழி. சூலகத்துக்கு நம்பகமான முன்பரிசோதனை இல்லாததால், பிள்ளைப்பேறு முடிந்தபின் 35 வயதுக்கும் 45 வயதுக்கும் இடையில் அதை எடுத்துவிடச் சொல்வார்கள். மார்பை எடுப்பது அவரவர் முடிவு.

முடிவு அவரவருடையது என்பதில் உங்களுக்கு ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. நாம் டொக்டரிடம் போனால் "நீங்களே சொல்லுங்க ஐயா, செய்யிறதா விடுறதா" என்று கேட்டுப் பழகியவர்கள். நல்ல மரபணு ஆலோசகர் அதற்குப் பதில் சொல்லமாட்டார். வழிகளை விரித்து வைப்பார், ஒவ்வொன்றின் நன்மை தீமை சொல்வார், உங்களுக்கு எது முக்கியம் என்று திருப்பிக் கேட்பார். இந்தத் தொழிலின் ஒழுக்கமே அதுதான். 1947இல் அமெரிக்காவில் ஷெல்டன் ரீட் இதற்கு ஒரு பெயர் கொடுத்து ஒழுங்குபடுத்தியபோது, யார் பிள்ளை பெறலாம் யார் பெறக்கூடாது என்று அரசுகள் கட்டளையிட்ட கொடுமை உலகின் கண்முன்னால் இருந்தது. ஆலோசகர் கட்டளை போடாதது அவருக்குத் தெரியாததால் அல்ல.

இரத்த முடிவு "இருக்கிறது", "இல்லை" என்று இரண்டாக மட்டும் வராது. "மாற்றம் ஒன்று தெரிகிறது, அது கெடுதலா என்று சொல்லமுடியாது" என்று மூன்றாவதும் வரும். நமக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வரும், ஏனென்றால் உலகத்தின் மரபணுத் தரவுகளில் பெரும்பங்கு ஐரோப்பியருடையது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இலங்கைப் பெண்களின் பிராக்கா-1ஐப் பார்த்து வெளியிட்ட ஆய்விலேயே, அதுவரை எங்கும் பதியாத மாற்றங்கள் வந்தன. தென்னிந்தியப் பெண்களிடம் நடந்த ஆய்வொன்று 2009இல் இன்னொரு விசித்திரத்தைக் காட்டியது: கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் அடையாளமாகச் சொல்லப்படும் ஒரு மாற்றம் அங்கும் அடிக்கடி கிடைத்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்திலும் தென்னிந்தியக் குடும்பங்களின் பிராக்காவை ஆராய்ந்திருக்கிறார்கள். நம்மவர் தரவு கூடக் கூட இந்த மூன்றாவது வகை குறையும். அதுவரை, அப்படி ஒரு முடிவு வந்தால் அதை வைத்துக்கொண்டு யாரும் கத்தி எடுக்கக்கூடாது. பெரும்பாலானவை பிற்பாடு கெடுதலில்லை என்றே தீர்ப்பாகின்றன.

எங்கே போவது? மாமியின் கிளினிக்கில் தொடங்குங்கள். அவருடைய பயொப்சி ரிப்போர்ட், டயக்னோசிஸ் கார்ட், நீங்கள் எழுதிய கொப்பி, மூன்றையும் அவரைப் பார்க்கும் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் காட்டி, கடிதம் கேளுங்கள். கொழும்பு மருத்துவ பீடத்தில் 1983இல் தொடங்கிய மனித மரபணுப் பிரிவு இருக்கிறது; நாட்டில் இந்த வேலையை முதலில் செய்தவர்கள் அவர்கள்தான். தனியார் ஆய்வுகூடங்களும் சோதனை செய்கின்றன. ஆனால் இரத்தம் கொடுக்குமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "முடிவை எனக்கு விளக்கப்போவது யார்?" பதில் இல்லையென்றால் கையை நீட்டவேண்டாம். ஆங்கிலத்தில் நாலு பக்கத் தாளை மின்னஞ்சலில் வாங்கி, அதை இணையத்தில் தேடி வாசித்து இரவெல்லாம் விழித்திருப்பதற்குப் பெயர் ஆலோசனை இல்லை.

தமிழில் பேசவேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள். மொழிபெயர்க்க ஆள் கூட்டிப்போவதானால் யாரென்று யோசியுங்கள். நாளைக்குச் சம்பந்தம் பேச வரப்போகிற வீட்டாருக்கு உறவான ஒருவர் அந்த அறைக்குள் இருக்கக்கூடாது. சோதனை முடிவு உங்களுடையது, உங்களைக் கேட்காமல் ஆலோசகர் எவருக்கும் சொல்லமாட்டார். ஊர்க் கதைக்கு அப்படி ஒரு ஒழுக்கம் கிடையாது.

சம்பந்தம் என்றதும் ஞாபகம் வருகிறது. மாமி மகனை உங்களுக்குப் பேசுகிறார்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதி வெட்டியிருக்கிறீர்கள். வெட்டியதை வாசித்துவிட்டேன், மன்னிக்கவேண்டும். மச்சான் மச்சாள் கலியாணம் உங்கள் பக்கத்து வழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆலோசகரிடம் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரே பிராக்கா-2 மாற்றம் மாமியிடமிருந்து மச்சானுக்கும், அப்பாவிடமிருந்து உங்களுக்கும் வந்திருக்குமானால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பில் ஃபன்கோனி இரத்தச்சோகை என்ற கடுமையான வருத்தம் வரக்கூடும். அரிதான நிலைமைதான். கலியாணத்துக்கு முந்தி தெரிந்துகொண்டால் யோசிக்க நேரம் கிடைக்கும்.

அம்மாவோடு சண்டை பிடிக்கவேண்டாம். அவர் சொன்ன குடி முறை கலியாணத்துக்கும் கோயிலுக்கும் சரி. வருத்தத்துக்கு அது கணக்கில்லை என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவர் பக்கத்தையும் கொப்பியில் எழுதிக் காட்டினால் மனம் ஆறுவார்.

ஒன்றை மட்டும் இந்தப் பேச்சோடு சேர்த்துத் தள்ளிப்போட வேண்டாம். மார்பில் கட்டியோ, காம்பில் இரத்தக் கசிவோ, தோலில் சுருக்கமோ கண்டால், அதற்கு மரபணு ஆலோசனையும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம். உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் சுகவனிதையர் கிளினிக்குக்கு அந்தக் கிழமையே போங்கள். காசு இல்லை. மருத்துவிச்சியிடம் கேட்டால் நாள் சொல்லுவார்.

அன்புடன்,
உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுதுபவர்